31 வயதில் கடற்படைத் தளபதி: ரியர் அட்மிரல் தனபாலசிங்கம் கடந்து வந்த பாதை

மலேசியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் உள்நாட்டவர் யார் என்று கேட்டால், மூத்த தலைமுறையினர் தயங்காமல் பதில் சொல்வார்கள்: ரியர் அட்மிரல் டான்ஸ்ரீ கே. தனபாலசிங்கம். சமுதாய மேடைகளிலும் அவர் பெயர் அவ்வப்போது ஒலிக்கும். ஆனால் பெரும்பாலும் “முதல் தமிழர்” என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடும். அவர் பொறுப்பேற்றபோது அந்தப் படை எந்த நிலையில் இருந்தது, ஒன்பது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பது அதைவிடச் சுவையான செய்தி.

1936ஆம் ஆண்டு பிறந்த தனபாலசிங்கம், கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்தவர். யாழ்ப்பாணத் தமிழர் வழிவந்தவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் ‘சிலோன் தமிழர்’. 1955இல் கடற்படையில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து, இங்கிலாந்தின் டார்ட்மத் நகரிலுள்ள பிரிட்டானியா அரச கடற்படைக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் காலங்காலமாக உருவாகி வரும் இடம் அது.

அவர் சேர்ந்தபோது மலாயா சுதந்திரம் பெறவில்லை. ‘அரச மலாயாக் கடற்படை’ என்ற பெயர் 1952லேயே கிடைத்துவிட்டது. இருந்தாலும் படை சிங்கப்பூர் காலனி அரசாங்கத்தின் பொறுப்பிலும் செலவிலும்தான் இருந்தது. தளம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பகுதியில். படையும் கப்பல்களும் மலாயாக் கூட்டரசின் கைக்கு முறைப்படி வந்தது 1958ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி. அதாவது, தம் நாட்டுக்கு இன்னும் சொந்தமாகாத ஒரு படையில்தான் அந்த இளைஞர் சேர்ந்தார்.

சொந்தமான பிறகும் தலைமை வெளியாரிடமே இருந்தது. 1960 முதல் 1967 வரை தளபதிகளாக இருந்த டோவர்ஸ், சின்னட், டொலார்ட் ஆகிய மூவரும் ஆஸ்திரேலியக் கடற்படை அதிகாரிகள். இவர்களில் சின்னட் பின்னாளில் ஆஸ்திரேலிய ஆயுதப் படைகளுக்கே தலைவரானவர். எனவே தகுதி குறைந்தவர்களின் இடத்தைத் தனபாலசிங்கம் நிரப்பினார் என்று சொல்ல முடியாது. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நடந்த ‘கொன்ஃபுரொந்தாசி’ மோதலின்போது மலாக்கா நீரிணையிலும் ஜோகூர், சபா கடற்பகுதிகளிலும் சிறு ரோந்துப் படகுகள் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சோதனையைத் தாண்டி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

1967 டிசம்பர் 1ஆம் தேதி, துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்த காலத்தில், தனபாலசிங்கம் கடற்படைத் தளபதியானார். அப்போது அவருக்கு வயது 31. படையில் சேர்ந்து 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இன்று அந்த வயதில் இருக்கும் ஓர் அதிகாரி ஒரு சிறிய கப்பலுக்குத் தலைமை ஏற்றாலே பெரிய விஷயம்.

பதவியில் அமர்ந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. 1968 ஜனவரி 16ஆம் தேதி, பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன் தம் படைகள் 1971ஆம் ஆண்டு இறுதிக்குள் இவ்வட்டாரத்தை விட்டு வெளியேறும் என்று அறிவித்தார். அதுவரை மலேசியாவின் கடல் பாதுகாப்பு என்றால் பின்னணியில் பிரிட்டனின் பெரிய கப்பல்கள் நிற்கும் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு ஒரே நாளில் தலைகீழானது. இன்னொரு சிக்கலும் இருந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் பிரிந்து சென்றதால், மலேசியக் கடற்படையின் தலைமைத் தளம் வேறொரு நாட்டின் மண்ணில் மாட்டிக்கொண்டது. தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் தென் சீனக் கடல். காவல் காக்கக் கையில் இருந்தவையோ பெரும்பாலும் 100 டன்னுக்கு உட்பட்ட ரோந்துப் படகுகள்.

கடலின் எல்லையும் அவர் காலத்தில்தான் விரிந்தது. 1969இல் மலேசியா தன் கடல் எல்லையை 12 கடல் மைலாக அறிவித்தது. முன்பு அது 3 மைல்தான். 1971 நவம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளும் மலாக்கா நீரிணையின் பாதுகாப்பு கரையோர நாடுகளின் பொறுப்பு என்று கூட்டாக அறிவித்தன. காகிதத்தில் எழுதுவது எளிது. எழுதியதைக் காக்கக் கப்பல் வேண்டும்.

கப்பல்கள் வந்தன. 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிரான்சில் கட்டிய நான்கு ஏவுகணைக் கப்பல்கள் படையில் இணைந்தன: பெர்டானா, செராங், கானாஸ், கான்யாங். ‘எக்சோசெட்’ ஏவுகணை தாங்கியவை இவை. பீரங்கிகளை நம்பியிருந்த ஒரு சிறு படைக்கு இது பெரிய தாவல். பிரிட்டனில் கட்டிய போர்க்கப்பல் ஒன்றின் கதை வேறு விதமானது. முதலில் அதற்கு வைத்த பெயர் ‘ஹங் ஜெபாட்’. சோதனை ஓட்டத்தில் இயந்திரக் கோளாறு ஏற்படவே, ‘ரஹ்மாட்’ என்று பெயரை மாற்றினார்கள். சுல்தானை எதிர்த்து நின்ற வீரனின் பெயர் கப்பலுக்கு ஆகாது என்று நினைத்தார்களாம். எந்த இனத்துக்காரராக இருந்தாலும் பெயர் ராசி பார்ப்பதில் எல்லாரும் ஒன்றுதான் போலும். 1976இல் பட்டர்வொர்த் கப்பல் பட்டறையில் கட்டிய ‘ஜெரோங்’ ரகப் படகுகளும் படைக்கு வரத் தொடங்கின. வெளிநாட்டில் வாங்கிய நிலை மாறி, உள்ளூரிலேயே கட்டும் நிலை வந்தது.

தளத்தைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவரத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பேராக் மாநிலத்தின் லுமுட். மாசி மகத்துக்குப் பங்கோர் காளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் லுமுட் படகுத்துறையில் ஏறும்போது சாம்பல் நிறக் கப்பல்களைப் பார்த்திருப்பார்கள். சித்தியவான், ஆயர் தாவார் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தளம் வேலை கொடுக்கும் இடமாகவும் பழகிப்போன ஒன்று. உட்லண்ட்ஸிலிருந்து கடற்படை அங்கே இடம்பெயர்ந்தது 1979இல். அப்போது தனபாலசிங்கம் பதவியில் இல்லை. திட்டம் வளர்ந்தது அவர் காலத்தில். திறப்பு விழாவின் வெளிச்சம் பின்னால் வந்தவர்களுக்கு.

1976ஆம் ஆண்டு இறுதியில், 40 வயதில், அவர் ஓய்வு பெற்றார். அடுத்துத் தளபதியானவர் முகமட் ஜைன் முகமட் சாலே. பலர் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வயதில் தனபாலசிங்கம் சீருடையைக் கழற்றிவிட்டு வணிகத் துறைக்குள் நுழைந்து, நிறுவனங்களின் இயக்குநர் பொறுப்புகளை ஏற்றார். அந்தக் காலகட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரிய தோட்ட நிறுவனங்கள் வெள்ளைக்காரர் கையிலிருந்து மலேசியர் கைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. சைம் டார்பிக்கு துன் டான் சியூ சின் தலைவரானதும், 1981இல் கத்ரி நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கைமாறியதும் அந்தச் சில ஆண்டுகளில் நடந்தவை. கப்பலின் மேல்தளத்தில் 1967இல் நடந்த மாற்றம், பத்தாண்டு கழித்து நிறுவன இயக்குநர் அறைகளுக்கும் வந்து சேர்ந்தது. துரைமார் போய் உள்ளூர் அதிகாரிகள் வந்ததைத் தோட்டத்தில் நேரில் பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு படைக்கே கணக்கும் திட்டமும் போட்டுப் பழகியவருக்கு அந்த அறைகளில் இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

அவருக்குப் பின் வந்த கடற்படைத் தளபதிகள் அனைவரும் மலாய்க்காரர்களே. ஆயுதப் படைகளில் இந்தியர், சீனர் எண்ணிக்கை குறைவு என்பதைத் தற்காப்பு அமைச்சே பல முறை சொல்லியிருக்கிறது. இனப் பாகுபாடு, சம்பளம், வீட்டை விட்டுப் பிரிய மனமில்லாத பெற்றோர் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் விண்ணப்பமே போடாத இடத்தில் தேர்வு நியாயமா இல்லையா என்ற விவாதத்துக்கே வழியில்லை. எஸ்.பி.எம். முடித்தவர்கள் சாதாரணப் படைவீரராகச் சேரலாம். அவர்களுக்குப் பயிற்சி ஜோகூரின் தஞ்சோங் பெங்கலேயில். அதிகாரியாக விரும்புகிறவர்களுக்குச் சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகம் ஒரு வழி. 1955இல் இந்த வசதிகள் எதுவும் இல்லை. ஒரு 19 வயது இளைஞர் கப்பலேறி டார்ட்மத்துக்குப் போக வேண்டியிருந்தது.