காற்றுப் படாமல் அரித்த இரும்பு

2018 மார்ச்சில் கடற்படை எங்கட துறைமுகத்துக்குள்ளிருந்து ஒரு கப்பலைத் தூக்கியது. பெயர் சகாயிங். 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சில் எரிந்து, அடுத்த வருசம் இறங்குதுறையாகப் பாவிக்கவென்று பிரித்தானியராலேயே அமிழ்த்தப்பட்டது. முக்கால் நூற்றாண்டு கடலடியில் கிடந்த இரும்பு. படங்களைப் பார்த்தபோது லிங்கநகரில் எங்களுக்கு நினைவு வந்தது ஓ.எல். விஞ்ஞானப் பாடம்.

சோதனைக் குழாய்க்குள் ஆணி, கொதித்தாறிய நீர், மேலே எண்ணெய். ஒட்சிசன் இல்லை, ஆகவே துருவும் இல்லை. பரீட்சைக்குச் சரியான விடைதான். ஆனால் துறைமுகச் சேற்றில் ஒட்சிசன் சில மில்லிமீற்றரிலேயே முடிந்துவிடும். அப்ப அதற்குக் கீழே புதைந்த இரும்பு பத்திரமாக இருக்கவேணுமே?

இந்தக் கேள்வியில் மாட்டுப்பட்டு விடை தேடியவர்கள் ஒல்லாந்தர். (ஒருகாலத்தில் எங்கட கோட்டையைப் பிடித்து வைத்திருந்த அதே நாட்டுக்காரர்தான்.) காற்றுப் புகாத ஈரமண்ணுக்குள் புதைத்த அவர்களுடைய இரும்புக் குழாய்கள் அரித்துக்கொண்டே போயின. 1934இல் வொன் வொல்சோகன் கூர், வான் டெர் ஃப்ளுக்ட் என்ற இருவர் காரணத்தை எழுதினார்கள்: பற்றீரியா. அந்த வகை உயிரி அப்போது புதிதும் அல்ல. 1895இலேயே டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினுஸ் பைஜெரிங்க் அதைச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்திருந்தார். அது ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைச் சுவாசித்தது. வெளியே விட்டது ஐதரசன் சல்பைட்டு.

தண்ணி வத்தின நேரம் கரைச்சேற்றில் கால் வைத்தால் அழுகின முட்டை மணம் வருமே, அதுதான். சேற்றின் கறுப்பும் அந்தச் சல்பைட்டு இரும்போடு சேர்ந்ததால் வந்த நிறம். சின்ன வயசில் எங்களுக்கு அதை ஊத்தை என்றுதான் சொல்லித்தந்தார்கள். கரையோரச் சேற்றில் மக்கிப்போகிற பொருளில் ஏறத்தாழப் பாதியை இந்த ஊத்தைக்காரர்தான் தின்று முடிக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அதுவும் ஒரு கூட்டம் அல்ல. மேலே ஒட்சிசனைச் சுவாசிப்பவை. அது முடிய நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, இரும்பு, அதற்கும் கீழே சல்பேற்று. கடைசியில் மெதேன் வெளியிடுபவை. இவை பற்றீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற வேறொரு கிளை. ஒவ்வொன்றும் மற்றதன் மிச்சத்தில் வாழும். ஆய்வுகூடத் தட்டில் வளர்ப்பது மட்டுமே வழியாக இருந்தவரை, இவற்றில் மிகப் பெரும்பான்மை எங்கள் கண்ணில் படவே இல்லை. 1977இல் கார்ல் வூஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டு உயிர்களின் குடும்ப மரத்தைத் திருப்பி எழுதினார். பிறகு நோர்மன் பேஸ் போன்றவர்கள், வளர்க்காமலே சேற்றிலிருந்தும் நீரிலிருந்தும் நேராக மரபணுவை வாசிக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் கூட்டத்தின் அளவு தெரியவந்தது. 2012இல் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பக்கச் சேற்றில் கண்டது இன்னும் விசித்திரம்: ஆயிரக்கணக்கான கலங்கள் வரிசையாகக் கோர்த்து, சென்ரிமீற்றர் நீளத்துக்கு மின்கம்பி மாதிரி இலத்திரனைக் கடத்தும் பற்றீரியா. கீழே சல்பைட்டைத் தின்னும், மேலே ஒட்சிசனைத் தொடும்.

இனிமேல்தான் எங்களைப் பயமுறுத்துகிற பகுதி. இவை சேற்றுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கழிவும் உரமும் கடலில் கூடினால் ஒட்சிசன் இல்லாத எல்லை சேற்றை விட்டு நீருக்குள் ஏறும். மீன் ஓடும், ஓட முடியாதது சாகும். வங்காள விரிகுடாவில் சில நூறு மீற்றர் ஆழத்தில் ஒட்சிசன் ஏற்கெனவே கிட்டத்தட்டப் பூச்சியம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக மாற்றி வெளியேற்றும் பற்றீரியா அங்கே தயாராக இருக்கின்றன, மிஞ்சியிருக்கிற துளி ஒட்சிசன்தான் அவற்றைத் தடுத்து வைத்திருக்கிறது என்று காட்டியது. அரபிக்கடலில் அந்தத் தடை எப்பவோ போய்விட்டது.

கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு நேரே அந்த ஆழத்துக்குள்தான் இறங்குகிறது. எங்கட ஆக்கள் வலை போடுவது அதற்கு மேலே.