பொறித் தாங்கி

பொறித் தாங்கி என்பது தானுந்தின் பொறியையும் அதனுடன் இணைந்த பற்சக்கரப் பெட்டியையும் வண்டியின் உடற்சட்டத்தோடு பிணைக்கும், இரப்பரும் உலோகமும் சேர்ந்த உறுப்பு ஆகும். தமிழ்நாட்டுப் பணிமனைகளில் இது மவுண்டிங் என்றே அழைக்கப்படுகின்றது. பொறியின் எடையைத் தாங்குவதும், அதன் அதிர்வு பயணிகளை எட்டாமல் தடுப்பதும் இதன் பணிகள். முதலாவதற்கு விறைப்பும் இரண்டாவதற்கு நெகிழ்வும் வேண்டியிருப்பதால் எந்தத் தாங்கியும் ஒரு சமரசமே.

தொடக்ககாலத் தானுந்துகள் பலவற்றில் பொறி நேரடியாகச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தது. 1931 இல் அமெரிக்காவின் கிரைசுலர் நிறுவனம் தனது பிளைமவுத் வண்டியில் ‘மிதக்கும் ஆற்றல்’ என்னும் பெயரில் இரப்பர் தாங்கி முறையை அறிமுகப்படுத்தியது. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனமும் விரைவில் அதன் உரிமத்தைப் பெற்றது.

தேய்மானம்

அம்பாசடர் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் பொறி நீளவாக்கில் அமர்ந்திருக்கும். 1983 இல் வந்த மாருதி 800, 1998 இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வெளிவந்த ஹூண்டாய் சான்ட்ரோ ஆகியவற்றில் அது குறுக்குவாக்கில் அமைந்து முன்சக்கரங்களை இயக்குகின்றது. இவ்வமைப்பில் சக்கரங்களுக்குச் செல்லும் முறுக்குவிசையின் எதிர்விசை முழுவதையும் தாங்கிகளே ஏற்கின்றன. சிறு வண்டிகளில் முதற் கியரில் இது பொறியின் முறுக்குவிசையைப் போல் ஏறத்தாழ 12 முதல் 15 மடங்கு இருக்கும். பாடி, அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையின் நெரிசலில் நின்று நின்று கிளம்பும் வண்டி, ஒவ்வொரு முறையும் இவ்விசையைத் தாங்கிகளின் மேல் ஏற்றுகின்றது. பொறியின் வெப்பமும் கசியும் எண்ணெயும் இரப்பரை மேலும் கெடுக்கின்றன.

வண்டி நிற்கையில் திசைமாற்றிச் சக்கரம் நடுங்குதல், கிளம்பும்போது ‘டக்’ என்ற ஒலி, இரப்பரில் வெடிப்பு ஆகியன அறிகுறிகளாகும். ஆயினும் நடுக்கம் கண்டவுடன் தாங்கியைக் குற்றம் சொல்லலாகாது. ஓர் உருளையில் எரிதல் தவறினாலும் இதே நடுக்கம் தோன்றும். எனவே முதலில் ஸ்பார்க் பிளக்குகளைச் சோதிப்பது நன்று.

வீட்டிலேயே மாற்றுதல்

சாதாரண ஸ்பேனர்களைக் கொண்டே செய்யக்கூடிய வேலைதான் இது. இடர் முழுவதும் எடையில் உள்ளது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் செல்லக்கூடாது. அதன் எண்ணெய் அடைப்பான் பழுதானால் வண்டி எச்சரிக்கையின்றி இறங்கிவிடும். அடியில் செல்ல வேண்டியிருந்தால் உடற்சட்டத்தின் உரிய இடங்களில் இரும்புத் தாங்கு ஸ்டாண்டுகளை வைக்கவேண்டும். ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் வீட்டு முன் இடம் பெரும்பாலும் மண்தரையே. ஐப்பசி, கார்த்திகை மழையில் இளகிய மண்ணில் ஸ்டாண்டின் கால் புதைந்து சாயும். சிமெண்டுத் தரை கிடைக்காவிடில் வேலையைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை.

பொறி ஆறிய பின், மின்கலத்தின் எதிர்முனை கழற்றப்படும். ஆயில் சம்பின் அடியில் அகன்ற மரக்கட்டை வைத்து, மற்றொரு ஜாக்கியால் பொறியின் எடை சற்றே ஏற்கப்படும். கட்டையின்றி உயர்த்தினால் மெல்லிய சம்புத் தகடு நசுங்கும். சில வண்டிகளின் சம்பு எடை தாங்காது என்பதால் உற்பத்தியாளரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளவேண்டும். தாங்கிகளை ஒவ்வொன்றாகவே மாற்றவேண்டும். அனைத்தையும் ஒருசேரக் கழற்றினால் பொறி நகர்ந்து, துளைகள் பின்னர் நேர்படுவதில்லை.

பலர் தவறுவது இறுதிக் கட்டத்தில்தான். போல்ட்டுகளைத் தளர்வாகப் பூட்டி, ஜாக்கியை இறக்கி, பொறி தன் எடையில் இயல்பாக அமர்ந்த பிறகே கையேடு கூறும் முறுக்களவுக்கு அவற்றை இறுக்கவேண்டும். உயர்த்திய நிலையிலேயே இறுக்கினால் இரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். புதிய தாங்கி சில மாதங்களிலேயே கிழியக்கூடும், நடுக்கமும் நீங்காது. பாலியூரித்தேன் தாங்கிகள் நெடுநாள் உழைக்கலாம்; ஆனால் அவற்றின் விறைப்பால் அதிர்வு வண்டிக்குள் கூடுதலாகக் கடத்தப்படுகின்றது.