இறுகிய கிளட்ச் கழற்றல்

பனிவண்டியின் முன் கிளட்ச், கிராங்க் தண்டின் கூம்பு முனையில் பல்லோ கொக்கியோ இல்லாமல் உராய்வின் பலத்தால் மட்டுமே நிற்கிறது. நடுப் போல்ட்டைக் கழற்றினாலும் அது அசையாது.

மதுரைக்கு அருகிலுள்ள வாடிப்பட்டியில் பனிவண்டி ஓடாது. அதற்குக் காஷ்மீரின் குல்மார்க் வரை போக வேண்டும். ஆனால் இதே கூம்புப் பிடி சமவெளியின் வண்டிகளிலும் உண்டு. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 தொடங்கி, மொபெட்டின் மேக்னட் சக்கரமும் கூம்பில்தான் இறுகியிருக்கும். எனவே மதுரை–திண்டுக்கல் சாலையோர மெக்கானிக்குக்கும் இந்தச் சிக்கல் பழக்கமானதே.

தீர்வு புல்லர். கிளட்ச்சின் உள்மரையில் அதைத் திருகும்போது, அதன் நுனி தண்டை அழுத்த, கிளட்ச் வெளியே இழுபடும். பிடி படிப்படியாகத் தளராது. 'டப்' என்று ஒரே நொடியில் விடும். அடங்காவிட்டால் புல்லரை இறுக்கி வைத்துக் கிளட்ச்சின் நடுப்பகுதியைச் சூடாக்கலாம். ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும். பக்கத்திலேயே ஆயில் சீல் இருப்பதால் நேரடித் தீயைவிட வெந்நீர் நல்லது.

சுத்தியலை எடுப்பதுதான் பெருந்தவறு. டூ ஸ்ட்ரோக் கிராங்க் பல துண்டுகளை அழுத்திக் கோத்தது. பக்கவாட்டில் ஓங்கி அடித்தால் நேர்கோடு விலகி, பேரிங்கும் கெடும். கிளட்ச்சைக் காப்பாற்றப்போய் இன்ஜினையே பிரிக்க நேரும்.

திரும்பப் பூட்டும்போது இரு கூம்புப் பரப்புகளையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும்.