வால்நட்சத்திரம் மாதிரி சுற்றும் சிறுகோள்... பூமிக்கு ஆபத்தா? காசிமேட்டில் நின்று என்ன பார்க்கலாம்?

ஒவ்வொரு டிசம்பர் 13, 14 இரவுகளிலும் வானத்தில் ஒளிக்கோடுகள் சர்ரென்று பாயும். இதுதான் ஜெமினிட் எரிகல் மழை. இப்படிப்பட்ட எரிகல் மழைகளில் பெரும்பாலானவை வால்நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. ஆனால் ஜெமினிட்டுக்குக் காரணம் ஃபேத்தான் என்ற சிறுகோள்!

அப்படி என்ன வித்தியாசம்?

சிறுகோள் என்றால் பாறை. பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, கிட்டத்தட்ட வட்டமான பாதையில் சுற்றும். வால்நட்சத்திரம் என்றால் பனியும் தூசியும். அதன் பாதை நீண்ட முட்டை வடிவம்.

1983-ல் ஐராஸ் விண்கலம் கண்டுபிடித்த ஃபேத்தான், பார்க்கப் பாறை. பாதையோ வால்நட்சத்திரப் பாதை. சூரியனுக்கு 2.1 கோடி கி.மீ. வரை நெருங்கும். புதன் கிரகம்கூட அவ்வளவு கிட்டே போகாது. பிறகு செவ்வாயையும் தாண்டி, சுமார் 36 கோடி கி.மீ. தள்ளிப் போகும். ஒரு சுற்றுக்கு சுமார் 524 நாள்.

வால் உண்டா?

சூரியனை நெருங்கும்போது சின்னதாக ஒரு வால் வரும். அது தூசி இல்லை, சூட்டில் கிளம்பும் சோடியம் வாயு என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அப்போ ஜெமினிட் தூசி எப்படி வந்தது? விஞ்ஞானிகள் இன்னும் தேடுறாங்க.

1991-ல் கண்டுபிடிக்கப்பட்ட டமோக்ளிஸ், யுரேனஸைத் தாண்டிப் போய்த் திரும்ப சுமார் 41 வருஷம் ஆகும். இந்த வகை சிறுகோள்கள், பனி தீர்ந்துபோன பழைய வால்நட்சத்திரங்களாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பூமியில் மோதுமா?

ஃபேத்தானின் அகலம் 5 கி.மீ.க்கு மேல். அதனால் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது. 2017-ல் 1.03 கோடி கி.மீ. தூரத்தில் கடந்தது. 2093-ல் சுமார் 30 லட்சம் கி.மீ. வரை வரும். அதுவே நிலாவைவிட 7 மடங்குக்கும் அதிக தூரம். பயப்பட வேண்டாம்.

சென்னைக்கு என்ன தொடர்பு?

ஆசியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் நம்ம ஊரில் சிக்கியதுதான். 1861-ல் மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டுபிடித்தார். பெயரே 'ஆசியா'!

எப்படிப் பார்ப்பது?

எண்ணூர், ராயபுரம் பக்கம் துறைமுக விளக்கும் ஆலை விளக்கும் வானத்தை மறைக்கும். ஆனால் மிதுன ராசி உதிப்பது கிழக்கே, கடல் பக்கம். இரவு 10 மணிக்கு மேல் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி உட்காருங்க. செல்போனை 20 நிமிஷம் உள்ளே வையுங்க. கண் இருட்டுக்குப் பழகணும். மழை மேகம் மட்டும் வழிவிட்டால் போதும்!