பாசல் ஃபாஸ்நாக்ட்

சுவிட்சர்லாந்தில் ரைன் ஆற்றங்கரையில் உள்ள பாசல் நகரத்தின் முகமூடித் திருவிழா பாசல் ஃபாஸ்நாக்ட். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனை அடுத்து வரும் திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி வியாழன் அதிகாலை 4 மணிக்கு முடியும். சரியாக 72 மணி நேரம். யுனெஸ்கோ 2017இல் இதை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கார்னிவல் என்றதும் ரியோவின் ஆட்டத்தை நினைப்பவர்களுக்கு இது புதிராகத்தான் இருக்கும். இங்கே ஆட்டம் குறைவு, நையாண்டி அதிகம். பார்க்க வருபவர்கள் வேடம் கட்டுவதும் இல்லை. அது ஊர்வலம் போகும் குழுவினரின் உரிமை.

கத்தோலிக்க ஊர்கள் தவக்காலத்துக்கு முன்பே கொண்டாடி முடித்துவிடும். பாசலிலோ தவக்காலம் பிறந்த பிறகுதான் ஆரம்பம். 1529இல் சீர்திருத்தச் சபைக்கு மாறிய நகரம் வீம்புக்காகத் தேதியைத் தள்ளிவைத்தது என்று பலர் சொல்வார்கள். உண்மைக் காரணம் அதைவிடப் பழையது. 1091இல் பெனவெந்தோ திருச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளை நோன்புக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதால் தவக்காலத் தொடக்கம் ஆறு நாள் முன்னால் வந்தது. பாசல் பழைய கணக்கை விடவில்லை.

1356 நிலநடுக்கத்திலும் தீயிலும் நகரின் ஆவணங்கள் அழிந்துபோயின. எனவே விழாவைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 1376ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதுவும் ரத்தக் கறை படிந்தது: ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் வீரர்கள் நடத்திய போட்டியில் கலவரம் மூண்டு, பிரபுக்கள் சிலர் கொல்லப்பட்டனர்.

திங்கள் அதிகாலையில் புனித மார்ட்டின் தேவாலய மணி நான்கு அடித்ததும் நகர மையத்தின் தெருவிளக்குகள் ஒரே நேரத்தில் அணைகின்றன. கட்டளை எழுந்ததும் எல்லாக் குழுக்களும் ஒரே நடையிசையை முரசிலும் பிக்கலோ குழலிலும் வாசித்தபடி நகரத் தொடங்குகின்றன. வெளிச்சம் விளக்குக் கூண்டுகளிலிருந்து மட்டுமே. துணியில் ஓவியம் தீட்டி உள்ளே விளக்கேற்றிய இக்கூண்டுகள் 3 மீட்டர் உயரம்கூட இருக்கும். வாசிப்பவர் தலைமேலும் சிறு விளக்கு ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். விளக்குக் கூண்டுகள் பின்னர் பேராலயச் சதுக்கத்தில் காட்சிக்கு வைக்கப்படும்.

ஒவ்வொரு குழுவும் அந்த ஆண்டுக்கென ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அரசியல்வாதி, வங்கி, மருந்து நிறுவனம் என எவரையும் விட்டுவைக்காமல் வாரும். கூண்டு ஓவியம், உடை, கூட்டத்தில் விநியோகிக்கும் நீண்ட வண்ணக் காகிதங்களில் அச்சிட்ட கிண்டல் செய்யுள் எல்லாம் அதே பொருளைச் சுற்றித்தான். இரவில் ‘ஷ்னிட்சல்பாங்க்’ பாடகர்கள் படப்பலகையோடு உணவகம் உணவகமாகச் சென்று பாசல் வட்டார மொழியில் பாடுவார்கள். அந்த மொழி தெரியாதவருக்குப் பாதி விழா கைநழுவிப் போகிறது. மற்ற ஊர் சுவிஸ்காரர்களே சில இடங்களில் திணறுகிறார்கள். செவ்வாய் மாலை மட்டும் ‘குகன்மியூசிக்’ பித்தளை வாத்தியக் குழுக்களின் ஆட்சி; வேண்டுமென்றே சுருதி பிசகி வாசிப்பது அவர்கள் கலை.

வேடம் தலைமுதல் கால்வரை உடலை மறைக்க வேண்டும், கையுறை உட்பட. காகிதக்கூழில் செய்து வர்ணம் பூசிய முகமூடி முழுத் தலையையும் மூடும். ஆளை அடையாளம் காட்டிக்கொள்வது அநாகரிகம். ஏனென்றால் முகம் தெரியாததால்தான் எதிரே நிற்பவரின் ரகசியத்தை அவர் காதிலேயே சொல்லிச் சீண்ட முடிகிறது. நிலையான வேடங்களில் மிகவும் பெயர்பெற்றது ‘வாகிஸ்’. பாசல் சந்தைக்குக் காய்கறி கொண்டுவந்த அல்சாஸ் விவசாயியின் கேலிச்சித்திரம் இது: நீலச் சட்டை, மரக்காலணி, சிலுப்பிய பரட்டைத் தலை, முகத்தைவிடப் பெரிதாகத் தோன்றும் மூக்கு. ‘ஆல்டி டாந்தே’ என்னும் கிழட்டு அத்தையோ தொப்பியும் கைப்பையுமாக நகரின் பழைய பணக்காரச் சீமாட்டியை நக்கலடிக்கிறாள். நகரச் சிற்பி ழான் டிங்குவெலியும் ஒரு குழுவுக்கு உடை வடிவமைத்திருக்கிறார்.

சாப்பாட்டில் முதலிடம் மாவு சூப்புக்கு. கோதுமை மாவை அடுப்பில் விடாமல் கிளறி, கருகும் எல்லைக்குச் சற்றே முன்னால் இறக்கி, மாட்டிறைச்சிச் சாற்றில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, மேலே சீஸ் துருவிப் போடுகிறார்கள். மாவு வெளுத்திருந்தால் அது பசைதான். பிப்ரவரிக் குளிரில் மூன்று மணி நேரம் தெருவில் நின்றவருக்கு வேறெதுவும் இந்த அளவு ஒத்துவராது. கூடவே வெங்காயமோ சீஸோ பரப்பிச் சுட்ட ‘வாயெ’. இனிப்புக்கு ‘கியெக்லி’: அப்பளம்போல் மெல்லியதாகப் பொரித்து, பொடித்த சர்க்கரை தூவியது. சீரகத்தின் உறவான கேரவே விதை தூவிய, நான்கு துளையுள்ள தவக்கால ரொட்டி ஜனவரியிலேயே கடைகளுக்கு வந்துவிடும்.

திங்கள், புதன் பிற்பகல் ஊர்வலங்களில் வாகிஸ்கள் வண்டியிலிருந்து ஆரஞ்சும் மிட்டாயும் வீசுவார்கள், பெண்களுக்கு மிமோசாப் பூ நீட்டுவார்கள், வாங்கக் கை நீட்டியதும் தலையில் காகிதத்தூள் கொட்டுவார்கள். தூள் ஒரே நிறத்தில்தான் விற்கப்படும். பல நிறம் கலந்திருந்தால் தரையிலிருந்து அள்ளியது என்று பொருள், அது மரியாதைக் குறைவு. 1910இல் அமைந்த விழாக்குழு ஆண்டுதோறும் செம்பு, வெள்ளி, தங்க நிறங்களில் சட்டையில் குத்தும் வில்லை வெளியிடுகிறது. அதன் வருமானம் குழுக்களின் செலவுக்குப் போகிறது. வில்லை குத்தாமல் முன்வரிசையில் நிற்பவரின் சட்டைக் காலருக்குள் காகிதத்தூளைத் திணிப்பது வாகிஸ்களுக்கு வழக்கமான வேலை.