75 ரூபாயும் 20 ஆண்டுகளும்

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கையில் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பாடப்பொருள் எழுதித் தரும் வேலை. மற்றொன்று, ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் ஒப்பந்தப் பணி. முதலாவதன் ஊதியம் இரண்டாவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆலோசனை கேட்ட பேராசிரியர்களில் பெரும்பாலோர், “பணத்தைப் பார்க்காதே, மனத்துக்குப் பிடித்ததைச் செய்” என்றார்கள். அவர்கள் அனைவரும் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

வரலாறு படித்தவனுக்கு அறிவுரையைவிட முன்னுதாரணத்தில் நம்பிக்கை அதிகம். குறைந்த ஊதியத்தையும் மனத்துக்குப் பிடித்த பணியையும் தெரிந்தே சேர்த்து எடுத்துக்கொண்டவர்கள், அதை எழுதப்பட்ட விதியாகவே ஆக்கிக்கொண்டவர்கள், நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புனே நகரில் அவர்கள் நடத்திய சோதனையைப் பற்றியதே இப்பதிவு. திலகர், கோகலே என்ற பெயர்களைத் தேசிய இயக்கத்தின் இரு துருவங்களாக மட்டுமே பாடநூல்கள் நமக்கு அறிமுகம் செய்கின்றன. அவர்கள் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்து சம்பளம் பற்றி வாதிட்டவர்கள் என்பது பாடநூலில் இடம்பெறுவதில்லை.

1879இல் விஷ்ணுசாஸ்திரி சிப்லூண்கர் அரசுப் பள்ளி ஆசிரியர் பதவியைத் துறந்தார். 1880 சனவரியில் அவரும் பால கங்காதர திலகரும் நண்பர்களும் புனேயில் நியூ இங்கிலீஷ் பள்ளியைத் தொடங்கினார்கள். முதுகலைத் தேர்வை முடித்துக்கொண்டு கோபால் கணேஷ் ஆகர்கரும் வந்து சேர்ந்தார். திலகரும் ஆகர்கரும் டெக்கான் கல்லூரியில் படித்த காலத்திலேயே இதைப்பற்றி இரவுகளில் பேசியவர்கள். கிறித்தவ மிஷனரிகள், குறிப்பாக இயேசு சபையினர், சொந்த வருவாயைக் கருதாமல் கல்விக்கூடங்களை நடத்துவதுபோல இந்தியர்களாலும் நடத்த முடியாதா என்பதே அவர்களுடைய கேள்வி.

அக்காலத்தில் பட்டதாரி என்பவர் குடும்பத்தின் முதலீடு. சட்டம் படித்தால் வக்கீல் தொழில், இல்லையேல் வருவாய்த்துறை, நீதித்துறை. ஓர் ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: சில ஆண்டுகள் கழித்து, 1896இல் வகுக்கப்பட்ட திட்டத்தின்படி உருவான இந்தியக் கல்விப் பணியின் தொடக்க ஊதியம் மாதம் 500 ரூபாய். அப்பணி நடைமுறையில் ஐரோப்பியருக்கென்றே ஒதுங்கியிருந்தது என்பது வேறு கதை. ஆகர்கர் தம் தாய்க்கு எழுதிய கடிதம் மராத்தி மக்களிடையே இன்றளவும் நினைவுகூரப்படுகிறது. மகன் பெரிய தேர்வுகளில் தேறிவிட்டான், இனிப் பெருஞ்சம்பளமும் சுகவாழ்வும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டா. வயிற்றுக்குப் போதுமானதைப் பெற்றுக்கொண்டு மீதிப் பொழுதைப் பொதுநலத்துக்குக் கொடுக்கப்போகிறேன் என்பது அதன் சாரம். கராடு வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், கடும் வறுமையில் மகனைப் படிக்க அனுப்பிய தாய் அவர். கடிதத்தின் உயர்வைப் போற்றுபவர்கள், அதைப் பெற்றுக்கொண்டவரின் இடத்தில் நின்று ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

1884 அக்டோபரில் டெக்கான் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. 1885 சனவரியில் ஃபெர்குசன் கல்லூரி திறக்கப்பட்டது. சங்கத்தின் உயிர்நாடி ‘ஆயுள் உறுப்பினர்’ என்னும் ஏற்பாடு. ஆயுள் உறுப்பினராகச் சேர்பவர் 20 ஆண்டுகள் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் பணியாற்ற வேண்டும். தொடக்க ஆண்டுகளில் ஊதியம் மிகக் குறைவு; பின்னர் மாதம் 75 ரூபாய் என்பது நிலைத்தது. முதல்வராயினும் இளையவராயினும் அடிப்படை ஒன்றே. உறுப்பினர் இடையில் இறந்தால் குடும்பம் தெருவில் நிற்காதிருக்க ஆயுள் காப்பீடு உண்டு. நிர்வாகமும் அவர்கள் கையிலேயே இருந்தது. சம்பளத்தை நிர்ணயித்தவர்களும் அதைப் பெற்றவர்களும் ஒரே மனிதர்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள் வந்தவர்களில் இளையவர் கோபால கிருஷ்ண கோகலே. 1884இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 18. தந்தை முன்னரே இறந்துவிட்டார். அண்ணன் கோவிந்தராவ் படிப்பை நிறுத்திவிட்டு மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போனவர். அந்த 15 ரூபாயில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, மீதி 7 ரூபாயில் குடும்பத்தை நடத்தினார். கோகலே பள்ளியில் 35 ரூபாய்க்கு உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது சட்டமும் படித்துக்கொண்டிருந்தார். வக்கீலாகிவிட்டால் அண்ணனின் கடனை அடைத்துவிடலாம் என்பது குடும்பத்தின் கணக்கு. ஆயுள் உறுப்பினராவது என்றால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடுவது. அண்ணன் இசைந்தார், 1886இல் கோகலே சேர்ந்தார்.

கோகலேயின் தியாகம் என்று நூல்கள் சொல்லும் இடத்தில் என் கண்ணுக்குத் தெரிவது அந்த 8 ரூபாய். ஊதியத்தைத் துறப்பவர் ஒருவர். அந்த ஊதியத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே தம் இளமையைச் செலவிட்டவர் இன்னொருவர். மனநிறைவு முதலாமவருக்குக் கிடைக்கிறது. கோவிந்தராவின் பெயரில் புனேயில் சாலை கிடையாது.

இனி அந்த ஆசிரியர் அறைக்கு வருவோம். சிப்லூண்கர் 1882இலேயே, 32 வயது நிறையுமுன் இறந்துவிட்டார். எஞ்சியவர்களிடையே மூன்று நான்கு ஆண்டுகளில் பூசல் முளைத்தது. சமூகச் சீர்திருத்தம் பற்றிய கருத்து வேறுபாடே அதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மையே, ‘கேசரி’யை விட்டு விலகி 1888இல் ஆகர்கர் ‘சுதாரக்’ இதழைத் தொடங்கியது அதனால்தான். ஆனால் சங்கத்துக்குள் வெடித்தது சம்பளப் பிரச்சினை. கடனில் இருந்த ஆகர்கர் 1887இல் ஆயுள் உறுப்பினர்களுக்கு மாதம் 5 ரூபாய் உயர்வு கேட்டார். திலகர் எதிர்த்தார். துறவு மனப்பான்மையில் தொடங்கிய நிறுவனம் தேவைக்கேற்ப ஊதியத்தை உயர்த்திக்கொண்டே போனால் அதற்கும் அரசுக் கல்லூரிக்கும் என்ன வேறுபாடு என்பது அவருடைய வாதம். ஐந்து ரூபாய்! இந்திய அரசியலின் இரு பெரும் நீரோட்டங்கள் பிரிந்த வரலாற்றில் இந்தத் தொகைக்கும் ஒரு பங்குண்டு.

அதைவிடக் கூர்மையானது நேரம் பற்றிய வாதம். ஆயுள் உறுப்பினரின் மாலைப்பொழுது யாருக்குச் சொந்தம்? கல்லூரி முடிந்தபின் அவர் பாடநூல் எழுதிப் பணம் ஈட்டலாமா, பத்திரிகை நடத்தலாமா, பொதுச்சபையில் பதவி வகிக்கலாமா? கோகலே எழுதிய கணிதப் பாடநூல் நன்றாக விற்று அவருக்கு நிலையான வருவாய் தந்தது. 1890இல் அவர் சார்வஜனிக சபையின் செயலாளர் பொறுப்பையும் ஏற்றபோது திலகர் கடுமையாக எதிர்த்தார். முழு ஆற்றலையும் சங்கத்துக்கே தருவதாக ஒப்புக்கொண்டவர்கள் வெளியே பங்கு வைக்கக்கூடாது என்றார். அவ்வாண்டின் இறுதியில் விலகியும் விட்டார். விலகலுக்கான காரணங்களை அவர் எழுதிய கடிதம் மிக நீண்டது. ஒரு தொழிற்சங்க ஆவணம்போல வாசிக்கத்தக்கது.

திலகரைக் கல்நெஞ்சர் என்று தீர்ப்பளிப்பது எளிது, நியாயமாகாது. ஊதியம் குறைவாக உள்ள இடத்தில் ஒவ்வொருவரும் வெளியே ஈட்டத் தொடங்கினால், கல்லூரிக்கு மிஞ்சுவது களைத்த ஆசிரியரே என்பதை அவர் சரியாகவே கணித்தார். இன்று மூன்று கல்லூரிகளில் மணிநேரக் கணக்கில் வகுப்பெடுத்துவிட்டுப் பேருந்தில் விடைத்தாள் திருத்தும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் கேட்டால் திலகர் பக்கம் கொஞ்சம் சாயவே செய்வார்கள். ஆயினும் ஆகர்கரின் கேள்விக்கும் விடை வேண்டும்: நேரம் முழுவதும் உனக்கே என்றால், என் வீட்டு உலையை யார் ஏற்றுவது? விலகிய பின் திலகர் சட்ட வகுப்பு நடத்தினார். லாத்தூரில் பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்றிலும் பங்கு சேர்ந்தார். கடனோடு தம் கைக்கு வந்த ‘கேசரி’யை அப்படித்தான் காக்க முடிந்தது.

‘பணி–வாழ்வுச் சமநிலை’ என்ற சொல்லாட்சி இம்மனிதர்களுக்குப் புரிந்திருக்காது. காலையில் பள்ளி, பகலில் கல்லூரி, இரவில் அச்சகம். வீடு இந்தக் கணக்கில் வரவே இல்லை. சமஸ்கிருத–ஆங்கில அகராதியைத் தந்த வாமன் சிவராம் ஆப்தே முதல்வராக இருக்கும்போதே 1892இல் இறந்தார், வயது 34. அவருக்குப்பின் முதல்வரான ஆகர்கர் 1895இல், 40ஐ எட்டாமலேயே ஆஸ்துமா பீடித்த நிலையில் மறைந்தார். தம் ஈமச்சடங்குச் செலவுக்கான பணத்தை அவர் தனியே பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. கோகலே 1915இல் நீரிழிவோடும் ஓயாத உழைப்போடும் போராடி மறைந்தபோது வயது 48. அந்தக் காலத்தின் மரண விகிதத்தையும் நினைவில் கொள்ளவேண்டும்தான். எல்லாவற்றையும் உழைப்பின் மேல் சுமத்த முடியாது. எனினும் இந்த வயதுகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது சற்று நேரம் நூலகத்தில் எழுதாமல் அமர்ந்திருந்தேன்.

விதிவிலக்காக நூறாண்டைக் கடந்தவர் தோண்டோ கேசவ் கார்வே. பம்பாயில் பல பள்ளிகளில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், கோகலேயின் அழைப்பின்பேரில் 1891இல் ஃபெர்குசனுக்கு வந்தார். திலகர் விட்டுச்சென்ற கணித வகுப்புகள் அவருக்கு வந்தன. 1914 வரை அங்கே பணியாற்றினார். கைம்பெண்களுக்காக அவர் தொடங்கிய இல்லமும் பின்னர் மகளிர் பல்கலைக்கழகமும் பலரும் அறிந்தவை. தம் சேமிப்பையும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும்கூட அந்த இல்லத்துக்கே கொடுத்துவிட்டார். அவருடைய மனைவி ஆனந்திபாய், இளம் வயதில் கைம்பெண்ணாகி, பின்னர் கார்வேயை மறுமணம் செய்துகொண்டவர். மக்கள் ‘பாயா’ என்று அழைத்தனர். அவர் ‘மாஜே புராண்’ என்ற தலைப்பில் தம் கதையைச் சொல்லியிருக்கிறார். கணவர் ஊருக்குக் கொடுத்தபின் வீட்டுச் செலவுக்கு வழிதேடும் பொறுப்பு தம் தலையில் விழுந்ததை அவர் மறைக்கவில்லை. கணவரின் பணியை அவர் இகழவும் இல்லை. அதற்காகத் தாமும் ஊர் ஊராக நன்கொடை திரட்டியவர். ஆனால் கணக்கைச் சொல்லிவிடுகிறார். இந்த முழு வரலாற்றிலும் நான் மிகவும் நம்பும் சாட்சி அவர்தான்.

அந்தச் சோதனை தோல்வியடையவில்லை. 1899இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ‘சீனியர் ராங்லர்’ என்ற முதலிடத்தைப் பெற்ற முதல் இந்தியர் ஆர்.பி. பராஞ்ச்பே, எந்த அரசுப் பதவியும் கிடைத்திருக்கக்கூடிய நிலையில், கொடுத்த வாக்கின்படி திரும்பிவந்து அதே ஆயுள் உறுப்பினர் ஊதியத்தை ஏற்றார். 1902 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் முதல்வராக இருந்தார். 1905இல் கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் இதே விதியை அரசியலுக்குக் கொண்டுசென்றது: தனக்கும் குடும்பத்துக்கும் சங்கம் தருவதில் நிறைவு கொள்வேன், எனக்கென்று பொருளீட்ட முயலேன் என்று உறுப்பினர் உறுதி எடுக்க வேண்டும். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் பதவியை விட்டுவிட்டு 1907இல் அதில் சேர்ந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, கோகலேக்குப் பின் அதன் தலைவரானார்.

ஆக, குறைந்த ஊதியத்தில் நிறைவான பணி சாத்தியமே. ஆனால் எந்த நிபந்தனைகளின்மேல்? ஊதியம் அனைவருக்கும் சமம். காலம் 20 ஆண்டு. யாரும் ஏப்ரலில் வெளியேற்றி சூலையில் மீண்டும் அழைக்க மாட்டார்கள். இறந்தால் காப்பீடு. நிர்வாகத்தில் குரல். இவ்வளவு இருந்தும் ஐந்து ரூபாயில் உடைந்தது. இந்த நிபந்தனைகளை நீக்கிவிட்டு ‘பணி நிறைவு’ என்ற சொல்லை மட்டும் நமக்குக் கையளிப்பவர்கள், ஆகர்கரின் பெயரைச் சொல்லும் தகுதி உடையவர்கள் என்று நான் கருதவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியது. அத்தொகை தம் கைக்கு வந்ததாகச் சொல்பவர்களை இதுவரை விரல்விட்டு எண்ணும் அளவிலேயே சந்தித்திருக்கிறேன்.

எனக்குக் கல்லூரி வகுப்பறைதான் பிடிக்கும். களப்பணிக்கு நடுவே சில மாதம் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேன். அந்த நாட்களில் இரவு உறக்கம் நன்றாக வந்தது. இதை எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏற்ற முடியாது என்பதும் தெரியும். என் படிப்புக்காக மேல்படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போன அக்கா ஒருத்தி ஊரில் இருக்கிறாள். நேற்று இரண்டு கடிதங்களையும் அவளுக்கு அனுப்பி, இரண்டிலும் உள்ள தொகைகளையும் விடுப்பு விதிகளையும் மறைக்காமல் விளக்கினேன். கேட்டுவிட்டு, “கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா?” என்றாள். கல்லூரிக்கு இன்று காலை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.