மேசைக் கணினி: பழையதும் புதியதும் (கேரளப் பள்ளிகள்)

கேரளப் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வியைக் கொண்டுவந்த ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த பெண்டியம் 4 செயலிக்கு ஒரே கரு, வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ், செயலி மட்டுமே 50 வாட்டுக்கு மேல் மின்சாரம் குடித்தது. 2016இல் கேரள அரசு மாணவர்களுக்கு ராஸ்பெரி பை என்ற ஒற்றை அட்டைக் கணினிகளை வழங்கியது. அவ்வாண்டு வந்த ராஸ்பெரி பை 3 உள்ளங்கையளவே. கரு நான்கு, மின்தேவை மொத்தமும் சுமார் 12 வாட்டுக்குள்.

ஆனால் பயனருக்கு உறைப்பது செயலியைவிட வட்டுதான். சுழலும் வன்தட்டு ஒரு கோப்பைத் தேட 10 மில்லிநொடி எடுக்கும், சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. அதில் நூறில் ஒரு பங்கே எடுக்கும். பழைய பெட்டிக்கும் அதைப் பொருத்தலாம். ஓர் ஒற்றுமையும் உண்டு: ஃபோர்ட் கொச்சி போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று இணைப்புமுனைகளை அரிப்பதில் பழையது, புதியது என்ற பேதமில்லை.